மாவட்டத்தில் இரண்டாமிடம்

டென்னிஸ் ஆட்டத்தில் ஜாஸ்மின் உலகத் தரவரிசையில் பத்தொன்பதாம் இடத்துக்கு வந்துவிட்ட செய்தி தருமபுரிக்கு வந்து சேரச் சற்றுத் தாமதமாயிற்று. வந்து சேர்ந்த பிறகும் அதை எப்படி எடுத்துக்கொள்வதென்று ஊருக்குத் தெரியவில்லை. கிரிக்கெட்டாக இருந்தால் பட்டாசு வெடித்திருப்பார்கள். கபடியாக இருந்தால் தோளில் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். டென்னிஸ் என்பதால் முதலில் அது எத்தனை பேர் சேர்ந்து ஆடும் ஆட்டம் என்று விசாரித்தார்கள். எதிரில் ஒரே ஒருத்திதான் நிற்பாள் என்று தெரிந்ததும், ஒருத்தியை ஜெயிப்பது என்ன பெரிய காரியம் என்று சிலர் ஆறுதலடைந்தார்கள்.

ஜாஸ்மினின் அப்பா இன்னாசி, பாலக்கோடு மண்டியிலிருந்து பெங்களூருக்குத் தக்காளி லோடு ஏற்றிச் செல்லும் வேனின் ஓட்டுநர். அம்மா இறந்தபோது அவள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதிது. பெங்களூரில் இருந்த பெரியம்மா அவளை அழைத்துக்கொண்டு போனாள். பெரியம்மா வீட்டுச் சுவரை ஒட்டி ஒரு டென்னிஸ் மைதானம் இருந்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணம். அங்கிருந்து ஒவ்வோர் ஊராக, பிறகு ஒவ்வொரு நாடாகப் போய் ஆடி, போன மாதம் ஐரோப்பாவில் ஒரு பெரிய பட்டமும் வாங்கிவிட்டாள்.

அத்தனை ஆட்டங்களில் ஒன்றைக்கூட இன்னாசி நேரில் பார்த்ததில்லை. மகள் பெங்களூரில் ஆடிய காலத்தில் அவள் ஆடும் நேரமும் இவர் தக்காளி இறக்கும் நேரமும் ஒன்றாகவே இருந்து தொலைத்தன. வெளிநாட்டுக்கு ஒருமுறை விசா கேட்டுப் பார்த்தார்கள். தக்காளி வேன் ஓட்டுகிறவர் டென்னிஸ் பார்க்க விமானம் ஏறுகிறார் என்பதை நம்ப அந்தத் தூதரகத்துக்கு மனம் வரவில்லை. ஆகவே வேனை ஓரங்கட்டி, கைபேசியை ஸ்டீயரிங் மேல் சாய்த்து வைத்துத்தான் மகளின் வெற்றி தோல்வி எல்லாவற்றையும் அவர் பார்த்திருந்தார்.

இரண்டு வாரம் அப்பாவோடு இருந்துவிட்டுப் போகலாம் என்று ஜாஸ்மின் ஊருக்கு வந்தாள். அடுத்து ஆஸ்திரேலியா. அதற்குள் கை துருப்பிடித்துவிடாமல் இருக்கத் தினமும் கொஞ்ச நேரம் பந்தடிக்க வேண்டும். விசாரித்ததில், தருமபுரியில் ஒரு டென்னிஸ் தளம் இருப்பதாகத் தெரிந்தது. தகடூர் டென்னிஸ் மேம்பாட்டுப் பேரவைக்குச் சொந்தமானது. அப்பாவும் மகளும் வேனில் கிளம்பிப் போனார்கள்.

பேரவையின் இரும்புக் கதவில் பெரிய பூட்டு. கதவுக்கு மேலே அதைவிடப் பெரிய ஃப்ளெக்ஸ். "எங்கள் கண்டுபிடிப்பு ஜாஸ்மினே வருக!" என்று எழுதியிருக்க, பேரவைத் தலைவர் சென்னப்பன் மட்டையை உயர்த்தியபடி முழு உருவமாக நின்றிருந்தார். அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு வட்டத்துக்குள் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள்.

காவலாளி மாதையன் வந்தார்.

"யாருங்கம்மா நீங்க?"

"ஜாஸ்மினுங்கண்ணா. கொஞ்ச நேரம் ஆடிட்டுப் போலாம்னு வந்தேன்."

மாதையன் ஃப்ளெக்ஸைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடியும் ஃப்ளெக்ஸைப் பார்த்தார்.

"போட்டோல வேற மாதிரி இருக்கீங்களே."

"அது நான் இல்லீங்கண்ணா. வேற யாரோ."

"பாத்தீங்களா, நீங்களே ஒத்துக்கிட்டீங்க," என்று சொல்லிவிட்டு மாதையன் உள்ளே போகத் திரும்பினார்.

இன்னாசிதான் அவரைக் கூப்பிட்டு நிறுத்தி, வேன் கண்ணாடியில் ஒட்டியிருந்த மகள் படத்தைக் காட்டி, செயலாளரைப் பார்க்க வழி பண்ணினார்.

பேரவைச் செயலாளர் மாதவராஜ் ஏதோ ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஓய்வு பெற்றாலும் அவருடைய அலுவலகத் தமிழ் இன்னும் பணியில் இருந்தது. ஜாஸ்மினைக் கண்டதும் எழுந்து நின்று கும்பிட்டார்.

"தங்கள் வருகையால் பேரவை பெருமையடைகிறது. ஃப்ளெக்ஸ் பாத்தீங்களாம்மா?"

"பாத்தேன் சார். அதுல இருக்கறது நான் இல்லீங்களே."

"தங்கள் படமும் கிடைக்கப் பெற்றது. ஆனால் எல்லாப் படத்துலயும் நீங்க வேர்த்து விறுவிறுத்து இருந்தீங்க. ஒரு பாராட்டு விழாவுக்கு அது பொருத்தமா இருக்காதுன்னு செயற்குழு கருதியது. ஆகவே பார்வைக்கு நல்ல ஒரு படத்தைத் தேர்வு செய்தோம்."

ஜாஸ்மின் அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிட்டுத் தனக்கு வேண்டியதைக் கேட்டாள். தினமும் காலையில் கொஞ்ச நேரம் ஆட அனுமதி. மாதவராஜ் வருத்தத்தோடு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"தளத்தைப் பயன்படுத்த உறுப்பினராக இருத்தல் வேண்டும். உறுப்பினராவதற்கு மாவட்டப் போட்டியில் ஆடியிருத்தல் வேண்டும். தாங்கள் ஆடியுள்ளீர்களா?"

"விம்பிள்டன்ல ஆடியிருக்கேன் சார்."

"அது எந்த மாவட்டத்துல வருது?"

அவர் கேலி செய்யவில்லை. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தார்.

"மாவட்டப் போட்டியில இதுவரைக்கும் யாரெல்லாம் ஆடியிருக்காங்க சார்?"

"தலைவர்."

"அப்புறம்?"

"வருசா வருசம் தலைவர்தான்."

"எதிர்ல?"

"நம்ம பேரவையில எதிர்ப்புங்கற பேச்சுக்கே இடமில்லம்மா," என்றார் மாதவராஜ் பெருமையோடு. "அந்த அளவுக்கு ஒற்றுமை."

அப்போது வெளியே கார் வந்து நின்றது. கிரானைட் தொழில் செய்யும் சென்னப்பன் வெள்ளை அரைக்கால் சட்டையும் வெள்ளைத் தொப்பியும் கழுத்தில் தங்கச் சங்கிலியுமாக உள்ளே வந்தார். அறுபதைத் தாண்டிய மனிதர், நல்ல ஆகிருதி. ஜாஸ்மினின் தலையில் கைவைத்து ஆசீர்வாதம் பண்ணினார். பிறகு, கேட்காமலேயே தம் டென்னிஸ் வரலாற்றைச் சொன்னார்.

"எனக்கு சுகரும்மா. டாக்டரு தெனம் நடக்கச் சொல்லிப்புட்டாரு. நாம நாலு பேருக்குத் தெரிஞ்ச மனுசன், ரோட்டுல லொங்கு லொங்குன்னு நடந்தா நல்லாவா இருக்கும்? அதான் இந்தக் கோர்ட்டக் கட்டுனேன். இதுக்குள்ள நடந்தா வெளையாட்டுன்னு மதிக்கறாங்க."

"ஊர்ப் புள்ளைங்க யாரும் வந்து ஆடறதில்லீங்களா சார்?"

"நல்ல கேள்வி கேட்ட. பட்டிக்காட்டுப் புள்ளைங்க ஆடணுங்கறதுதான் என் உயிர்மூச்சு. அதனாலதான் கேட்டப் பூட்டியே வெச்சிருக்கேன். தொறந்து வுட்டா தெனம் வந்து ஆடிப்புடுவாங்க. கோர்ட்டு தேஞ்சிரும். அப்புறம் அந்தப் புள்ளைங்க எங்கம்மா போயி ஆடும்?"

உலகத்தின் மிக வேகமான சர்வீஸ்களை எதிர்கொண்ட ஜாஸ்மின், இதைத் திருப்பியடிக்க வழியில்லாமல் நின்றாள்.

மாதவராஜ் சிக்கலுக்கு ஒரு தீர்வு கண்டார். பாராட்டு விழா வரும் ஞாயிற்றுக்கிழமை. உறுப்பினர் அல்லாத ஒருவரைப் பேரவை பாராட்டுவதும் விதிக்குப் புறம்பு. ஆகவே அன்றைக்கே மாவட்டப் போட்டியை நடத்திவிடலாம். தலைவரோடு ஒரு செட் ஆடினால் ஜாஸ்மின் மாவட்ட வீராங்கனையாகி, அதன் வழியாக உறுப்பினராகி, அதன் வழியாகப் பாராட்டப்படத் தகுதி பெற்றவளாகி, மறுநாளிலிருந்து தளத்தில் பயிற்சியும் செய்யலாம்.

"வேணாங்க சார்," என்று சொல்லத்தான் ஜாஸ்மின் வாயெடுத்தாள். பெங்களூருக்கே திரும்பிப் போய் ஆடிக்கொள்ளலாம் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

அதற்குள் கதவோரம் நின்றிருந்த இன்னாசி தொண்டையைச் செருமினார். "அந்தப் போட்டி இங்கியேதான் நடக்குமுங்களா?"

"ஆமா, இங்கதான்."

"நான் வந்து பாக்கலாமுங்களா?"

"தாராளமா வாங்க. ஒரு சேர் போட்டுட்டாப் போச்சு."

ஜாஸ்மின் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் அந்தத் தளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எந்த இடத்தில் உட்கார்ந்தால் நன்றாகத் தெரியும் என்று இப்போதே இடம் தேடுகிறவர் மாதிரி இருந்தது.

"ஆடறேன் சார்," என்றாள்.

ஞாயிறு வரைக்கும் அவள் பாலக்கோடு மண்டியில் பயிற்சி செய்தாள். காலை ஏலம் முடிந்து வண்டிகள் கிளம்பிப் போன பிறகு சிமெண்ட் முற்றம் காலியாகக் கிடக்கும். கோடவுன் சுவரில் பந்தை அடிப்பாள். நசுங்கிய தக்காளியில் புரண்டு பந்து சிவந்து போகும். மண்டி வியாபாரி பெரியண்ணன் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்.

"இன்னிக்கி யாரும்மா ஜெயிச்சது? நீயா, செவுரா?"

"செவுருதாங்கண்ணா. அது எதை அடிச்சாலும் திருப்பிக் குடுத்துருது."

"பேரவைக்காரங்களுக்கு அது தெரிஞ்சா செவுத்தயும் தோக்கச் சொல்லுவாங்க," என்றார் பெரியண்ணன்.

இன்னாசி வேன் முதலாளியிடம் ஞாயிற்றுக்கிழமை லோடுக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். எத்தனையோ வருடங்களில் அவர் இப்படிக் கறாராகச் சொன்னது இதுதான் முதல் தடவை. கிறிஸ்துமசுக்கு எடுத்த சட்டையை இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டி வைத்தார். ஆட்டத்தில் எண்ணிக்கை ஏன் பதினைந்து, முப்பது, நாற்பது என்று தாவுகிறது என்பதை மகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். "நாப்பத்தஞ்சுன்னு இல்ல வரணும்?" என்ற சந்தேகம் மட்டும் அவருக்குத் தீரவில்லை. அவளுக்கும் அது தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பேரவை வளாகம் நிரம்பிவிட்டது. சென்னப்பனின் குவாரி ஆட்கள் லாரிகளில் வந்து இறங்கியிருந்தார்கள். பாலக்கோட்டிலிருந்து மண்டிக்காரர்கள் வந்திருந்தார்கள். முன்வரிசைக்குச் சற்றுத் தள்ளி, ஓர் ஓரத்தில், இன்னாசிக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வேதக்கோயிலில் உட்காருவதுபோல் கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

தளத்தைப் பார்த்த ஜாஸ்மினுக்குத் தலை சுற்றியது. ஒரு பக்கத்தில் விழா மேடையைக் கோர்ட்டுக்கு உள்ளேயே போட்டிருந்தார்கள். பின்கோடு மேடைக்கு அடியில் எங்கோ இருந்தது.

"சார், மேடையக் கொஞ்சம் நகத்த முடியாதுங்களா?"

"மேடை வாஸ்துப்படி போடப்பட்டுள்ளது," என்றார் மாதவராஜ். "தாங்கள் மேடைப் பக்கம் ஆடுவீங்க."

"டாஸ் போட வேணாமா?"

"அது வெள்ளிக்கிழமை செயற்குழுவுலயே போட்டாச்சு. தலைவர் ஜெயிச்சாரு."

"பாதியில பக்கம் மாறணுமே சார்?"

"தலைவர் எப்பவும் கெழக்கப் பாத்துதான் நிப்பாரு."

பிறகு மாதவராஜ் அவளைச் சற்றுத் தனியே அழைத்துப்போனார். குரலைத் தாழ்த்தியதும் அவருடைய அலுவலகத் தமிழ் இறங்கி, சாதாரண மனிதராகிவிட்டார்.

"பாப்பா, ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காத. பேரவை சட்டதிட்டத்துல ஒரு விதி இருக்குது. மாவட்டச் சாம்பியன் யாரோ, அவங்கதான் பேரவைத் தலைவரு. வேற யாரும் தலைவரா ஆகிடக் கூடாதுன்னு அவரே எழுதி வெச்சது. இப்ப நீ ஜெயிச்சா நீதான் தலைவரு ஆகணும்."

"ஐயோ, எனக்கு எதுக்குங்க சார் அதெல்லாம்?"

"அதான் சொல்றேன், தோத்துட்டுப் போயிரு. மானக்கேடா இருக்க வேணாம். ஆறுக்கு ரெண்டுன்னு வெச்சிக்கலாம். ரெண்டு கேமு உனக்கு. செயற்குழு முழு மனசா ஒத்துக்கிச்சு."

"அவருக்கு வயசாச்சு, பாத்து மெதுவாத்தான் சார் ஆடுவேன். தோக்கணும்னுல்லாம் சொல்லாதீங்க," என்றாள் ஜாஸ்மின். "எங்கப்பா பாக்க வந்திருக்காரு."

மாதவராஜ் அவளைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, மேசைமேல் போட்டிருந்த நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார். நடுவரும் அவரேதான்.

சென்னப்பன் களத்துக்கு வந்தார். ஆட்டத்துக்கு முன்னும் ஆட்டத்துக்குப் பின்னும் அவர் பேச வேண்டியிருந்ததால், கழற்றி மாட்டும் சிரமம் எதற்கென்று சட்டைக் காலரில் சின்ன மைக்கை மாட்டியிருந்தார்கள். முன்னுரை அரைமணி நேரம். டென்னிஸுக்குத் தாம் ஆற்றிய சேவையில் தொடங்கி, ஜாஸ்மின் என்கிற திறமையைக் கண்டெடுத்தது வரைக்கும் பேசினார். "இந்தப் பொண்ணு இந்த மாவட்டத்துல ஆடியிருந்தா இன்னிக்கி இந்த நெலமைக்கு வந்திருக்குமா? நெனச்சுப் பாருங்க!" என்று அவர் முழங்கியபோது குவாரி ஆட்கள் பலமாகக் கைதட்டினார்கள்.

முதல் சர்வீஸ் ஜாஸ்மினுடையது. பழக்க தோஷத்தில் கொஞ்சம் வேகமாகவே போட்டுவிட்டாள். பந்து நடுக்கட்டத்தில் பட்டு, எகிறி, பின்வேலியில் மோதிய பிறகுதான் சென்னப்பன் மட்டையைத் தூக்கினார்.

"அவுட்டு!" என்றார் மாதவராஜ்.

"சார், நட்ட நடுவுல வுழுந்துச்சு."

"பந்து என் கண்ணுக்குத் தென்படவில்லை. தென்படாத ஒன்றை உள்ளே விழுந்ததாக எப்படி அறிவிப்பது? பேரவையில் யூகத்துக்கு இடமில்லை."

அடுத்ததைக் கண்ணுக்குத் தெரியும்படி மெதுவாகப் போட்டாள். கோட்டுக்கு ஒரு சாண் உள்ளே விழுந்தது.

"அவுட்டு!"

"இது எப்பிடிங்க சார்?"

"மஞ்சக் கோட்டுக்கு வெளிய."

அப்போதுதான் அவள் தரையைச் சரியாகக் கவனித்தாள். டென்னிஸுக்கு வெள்ளைக் கோடு. அதற்குள்ளே கைப்பந்துக்கு மஞ்சள் கோடு. அதற்கும் உள்ளே ஷட்டிலுக்கு நீலக் கோடு. மூன்று ஆட்டங்களையும் வளர்ப்பதாகச் சொல்லிக் கோடுகளை மட்டும் போட்டு வைத்திருந்தார்கள். தலைவர் அடிக்கும் பந்துக்கு வெள்ளைக் கோடு எல்லை. ஜாஸ்மின் அடிக்கும் பந்துக்கு, அது எந்தக் கோட்டைத் தாண்டி விழுகிறதோ அந்தக் கோடு எல்லை. தலைவர் அடித்த பந்து வலையில் மாட்டிக்கொண்டபோது மாதவராஜ் சற்றும் தயங்காமல், "வலை குறுக்கிடாமல் இருந்திருப்பின் உள்ளே விழுந்திருக்கும். பாயிண்ட் தலைவருக்கே," என்று அறிவித்தார்.

ஒவ்வொரு கேம் முடிந்ததும் செயற்குழு உறுப்பினர் ஒருவர் வந்து தலைவருக்குப் பொன்னாடை போர்த்தினார். நான்கு கேம் முடிந்தபோது தலைவருக்கு நான்கு பொன்னாடை, ஜாஸ்மினுக்கு ஒரு கேம்கூட இல்லை.

கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. வேடிக்கையாகத்தான் இருந்தது. பேசாமல் தோற்றுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம் என்றுகூட நினைத்தாள். அப்போது கூட்டத்தின் ஓரத்திலிருந்து அப்பாவின் குரல் கேட்டது.

"ஏம்பாப்பா, அது உள்ளாறதான வுழுந்துச்சு?"

இன்னாசி எழுந்து நின்றிருந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார், போட்டார், தரையைப் பார்த்தார், மறுபடியும் கழற்றினார்.

"எனக்குத்தான் கண்ணு சரியில்லாமப் போச்சா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. மகள் ஆடுவதை ஒருமுறை நேரில் பார்க்க வந்த மனிதர், தம் கண்ணையே நம்ப முடியாமல் நின்றுகொண்டிருந்தார்.

"உன் கண்ணு நல்லாத்தான்ப்பா இருக்குது," என்றாள் ஜாஸ்மின். "உக்காந்து பாரு."

அதற்குப் பிறகு அவள் வேகமாக ஒரு பந்தும் அடிக்கவில்லை. நீலக் கோட்டுக்கு வெளியே ஒரு பந்தையும் விடவில்லை. மூன்று கோடுகளும் ஒத்துக்கொண்டாக வேண்டிய அந்தச் சின்னக் கட்டத்துக்குள், மாதவராஜின் கண்ணுக்கு நன்றாகத் தென்படும்படி, பலூன் மாதிரி மிதக்கவிட்டு அடித்தாள். சென்னப்பன் திருப்பியடிக்க முடிகிற தூரத்தில்தான் ஒவ்வொரு பந்தும் போய் இறங்கியது. முதலில் கட்டத்தின் இடது மூலை. அவர் ஓடி வந்து அடித்தார். அடுத்து வலது மூலை. அதையும் ஓடி வந்து அடித்தார். அடுத்து வலைக்குப் பக்கத்தில். அதற்கடுத்து அவர் தலைக்கு மேலே. டாக்டர் நடக்கச் சொன்ன மனிதர் ஓடிக்கொண்டிருந்தார். பொன்னாடை ஒன்று தோளிலிருந்து நழுவியது. தொப்பி எங்கோ விழுந்தது.

மாதவராஜ் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். பந்து ஒவ்வொரு முறையும் நீலக் கட்டத்தின் உள்ளே பொத்தென்று விழுவதை மொத்தக் கூட்டமும் பார்த்துக்கொண்டிருந்தது. எந்தக் கோட்டைச் சொல்லி 'அவுட்' கொடுப்பதென்று அவருக்குப் புரியவில்லை.

திடீரென்று ஒலிபெருக்கிகள் அத்தனையிலும் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து ஒரு குரல்.

"டேய் மாதவராஜு... அவுட்டு சொல்றா... என்னடா பாத்துக்கினு உக்காந்திருக்க... ஒனக்கு எதுக்குடா செயலாளர் பதவி குடுத்தேன்... சொல்லித் தொலடா..."

தலைவரின் காலர் மைக் அணைக்கப்படவில்லை. கொல்லாபுரி மாரியம்மன் திருவிழாவுக்கு வைப்பது மாதிரி தெருமுனை வரைக்கும் குழாய் கட்டியிருந்தார்கள். பேருந்துக்குக் காத்திருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

மண்டிக்காரர்கள் பக்கத்திலிருந்து பெரியண்ணன் எழுந்து, சென்னப்பன் அடித்த பந்து வானத்தில் போய்க்கொண்டிருக்கும்போதே, "அவுட்டூ!" என்று கத்தினார். அடுத்த பந்துக்கு எல்லாரும் கத்தினார்கள். அதற்கடுத்ததற்குக் குவாரி ஆட்களும் சேர்ந்துகொண்டார்கள். வருடக்கணக்காகத் தங்கள் முதலாளியிடம் சொல்ல நினைத்த எதையோ அந்த ஒரே சொல்லில் சொல்லிவிடுகிற மாதிரி அடிவயிற்றிலிருந்து கத்தினார்கள். மாதவராஜ் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டு, கூட்டம் சொன்னதையே திருப்பிச் சொல்ல ஆரம்பித்தார். வேறு வழியில்லை.

ஜாஸ்மின் ஆறுக்கு நான்கு என்று ஜெயித்தாள். கடைசிப் பந்துக்கு ஓடிவந்த சென்னப்பன் வலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவள் ஓடிப்போய்த் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு அவளைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை.

"நெசமாலுமே ஆடத் தெரியுமாம்மா உனக்கு?" என்றார். அதுவும் தெருமுனை வரைக்கும் கேட்டது.

அதற்கப்புறம் அவசரச் செயற்குழு மேடைக்குப் பின்னால் கூடியது. பாட்டுப் போட்டு, நிறுத்தி, மறுபடியும் பாட்டுப் போட்டார்கள். கடைசியில் மாதவராஜ் மைக்குக்கு முன்னால் வந்தார். அவருடைய அலுவலகத் தமிழ் திரும்பி வந்திருந்தது.

"மாவட்டச் சாம்பியன் பட்டம் பேரவை உறுப்பினர்களுக்கு மட்டுமே உரியது. போட்டி நடைபெற்ற நேரத்தில் செல்வி ஜாஸ்மின் உறுப்பினர் அல்லர். மாவட்டப் போட்டியில் ஆடி முடித்த பின்னரே அவர் உறுப்பினராகும் தகுதியைப் பெறுகிறார். ஆகவே உறுப்பினர் அல்லாத ஒருவர் பெற்ற வெற்றியைச் சாதனையாகக் கருத இயலுமே தவிர, வெற்றியாகக் கருத இயலாது. போட்டியில் பங்கேற்ற ஒரே உறுப்பினரான தலைவர் அவர்கள் சாம்பியனாக அறிவிக்கப்படுகிறார். செல்வி ஜாஸ்மின் மாவட்டத்தில் இரண்டாமிடம் பெறுகிறார். மேலும், ஆடி முடித்துவிட்டபடியால் அவர் இக்கணம் முதல் உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளப்படுகிறார்."

சென்னப்பன் மேடையில், ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு கால்களையும் விட்டபடி கோப்பையை வாங்கிக்கொண்டார். நன்றியுரையில், உலகத்தில் பத்தொன்பதாம் இடத்தில் இருக்கும் வீராங்கனையை இரண்டாமிடத்துக்குத் தள்ளியதில் தமக்குத் தனிப்பட்ட முறையில் மகிழ்ச்சி இல்லை என்றும், எல்லாம் விதிப்படி நடந்தது என்றும் சொன்னார். ஜாஸ்மினுக்குச் சின்னக் கோப்பை ஒன்றும், வேறொரு பெண்ணின் படம் போட்ட பாராட்டுப் பத்திரம் ஒன்றும் கிடைத்தன.

உறுப்பினராகிவிட்டபடியால் மறுநாள் காலையில் பயிற்சிக்கு வரலாமா என்று அவள் கேட்டாள். மேடையின் கால்கள் கோர்ட்டில் குழி பறித்திருப்பதால், மராமத்துப் பணிக்காகத் தளம் மூடப்படுகிறது என்று மாதவராஜ் தெரிவித்தார்.

வேனில் பாலக்கோட்டுக்குத் திரும்பும்போது இன்னாசி சாலையையே பார்த்து ஓட்டினார். அவர் மனம் வருந்தியிருப்பாரோ என்று ஜாஸ்மின் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"போன்ல பாக்கறப்ப," என்று ஆரம்பித்தார் இன்னாசி, "நீ எந்நேரமும் யாரையோ அடிக்கப் போறவளாட்டம் மொறச்சிக்கினே இருப்ப. இன்னிக்கி சிரிச்சிக்கினே ஆடுன."

"அந்தாள ஓட வுட்டேன்ல, அதாம்ப்பா."

"இல்ல இல்ல. மொதல்ல தோத்துக்கினு இருந்தப்பவே சிரிச்ச. நான் பாத்தேன்."

ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் அந்த ஓரத்து நாற்காலியை ஒருமுறை பார்த்துக்கொண்டது அவளுக்கு நினைவு வந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அந்தப் பந்து சத்தம் இருக்குதே," என்றார் அவர். "போன்ல அது கேக்கவே கேக்காது. டொப்பு டொப்புன்னு, நல்லா இருந்துச்சு."

வேன் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியது. மடியில் இருந்த சின்னக் கோப்பையை ஜாஸ்மின் பிடித்துக்கொண்டாள். இன்னாசி ஏதோ கணக்குப் போடுகிறவர் மாதிரி நெற்றியைச் சுருக்கினார்.

"உலகத்துல நீ எத்தனாவதுன்னு சொன்ன?"

"பத்தொம்போதாவதுப்பா."

"அது கெடக்குது." கியரை மாற்றினார். "அடுத்த வருசம் எப்பிடியாச்சும் மாவட்டத்துல மொதல்ல வந்துரணும். இப்ப நீ மெம்பரு வேற. நான் லோடுக்குப் போவாம வந்துர்றேன்."

ஜாஸ்மின் சிரிப்பை அடக்கிக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

"சரிப்பா," என்றாள். "வந்துர்றேன்."